இரண்டாவது போன்

சாவியை உருவி எடுத்த பிறகும் அந்த நீல விளக்கு அணையவில்லை.

தீப்பெட்டி அளவுள்ள புளூடூத் பெட்டி. ஸ்டீரியோவுக்குக் கீழே பசை நாடாவில் ஒட்டி வைத்திருந்தான். அதன் மூலையில் கடுகளவு விளக்கு. இரண்டு முறை சிமிட்டும், கொஞ்சம் ஓயும், மறுபடியும் இரண்டு முறை சிமிட்டும். ஸ்டீரியோவின் பச்சை எழுத்துகள் மறைந்துவிட்டன. காரின் உள்விளக்குகூட மெல்ல மங்கி அணைந்துவிட்டது. இது மட்டும் விடாமல் சிமிட்டிக்கொண்டிருந்தது.

முதலில் தன்னையே திட்டிக்கொண்டான். பழைய ஸ்டீரியோவின் முதுகில் மின்சாரம் வரும் ஒயர்கள் இரண்டு. மஞ்சள் எப்போதும் உயிரோடு இருக்கும். சிவப்பு, சாவி போட்டால் மட்டும். புதுப்பெட்டியைச் சிவப்பில்தான் இணைக்க வேண்டும். பத்தொன்பது வருஷமாக லிஃப்ட் மெக்கானிக்காக இருப்பவன், தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒயர் நிறத்தை மாற்றிச் சொல்லாதவன், ஒரு பாட்டுப் பெட்டியில் போய்க் கோட்டை விட்டுவிட்டானா? டேஷ்போர்டுக்கு அடியில் தலையை நுழைத்து டார்ச் அடித்துப் பார்த்தான். சிவப்பில்தான் இணைத்திருந்தான். டெஸ்டரை வைத்தான். ஒயரில் மின்சாரம் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை மதியம் மூன்றரை மணி. அடுக்குமாடிக் கட்டடத்தின் அடியில் இருக்கும் பார்க்கிங். தூணுக்குத் தூண் எரிந்த டியூப் லைட்டில் ஒன்று உயிரை விடலாமா வேண்டாமா என்று துடித்துக்கொண்டிருந்தது. மேலே யாரோ துணி துவைத்த தண்ணீர் சுவரோரக் குழாயில் சலசலத்து இறங்கி, சோப்பு வாசனையை விட்டுவிட்டுப் போனது. ஈர சிமென்ட், பழைய டயர், எண்ணெய்க் கறை. நாலு மணிக்கு இறங்கி வருவதாக மனைவி சொல்லியிருந்தாள்.

அது அவளுடைய அண்ணனின் கார். இவனுக்கு மச்சான். கல்யாணம் வேண்டாம் என்று தனியாக இருந்தவர், இந்தக் காரைத்தான் குடும்பம் மாதிரி வைத்திருந்தார். கம்பெனியிலிருந்து வந்த அந்த ஸ்டீரியோவை மாற்றச் சொன்னால் கோபம் வந்துவிடும். "வண்டியோட பொறந்தது மாப்ள அது. அதப் போய்க் கழட்டச் சொல்றியே, மனுஷனா நீ?" என்பார். ஆனால் போனில் பாட்டுக் கேட்கவும் ஆசை. எங்கோ தேடி இந்தப் பெட்டியை வாங்கிக்கொண்டு வந்துவிட்டார். ஸ்டீரியோவின் பின்னால் சிடி மாற்றும் பெட்டிக்கென்று ஒரு சாக்கெட் சும்மா கிடக்கும். இதை அதில் செருகினால், ஸ்டீரியோ இதையும் ஒரு சிடி பெட்டி என்று நம்பிப் பாட ஆரம்பித்துவிடும். வண்டி ஓட்டும்போது யாராவது கூப்பிட்டால், போனைத் தொடாமலே பேசவும் செய்யலாம்.

"ஊர்ல இருக்கிற லிஃப்டுக்கெல்லாம் உயிர் குடுக்கிறவன் நீ. இத மாட்டித் தர மாட்டியா?"

"அடுத்த ஞாயித்துக்கிழமை வாங்க மச்சான். ஒரு மணி நேர வேலை."

எட்டு மாதம் அடுத்த ஞாயிற்றுக்கிழமையாகவே போனது. பெட்டி பிரிக்காமல் இவன் மேஜை இழுப்பறையில் கிடந்தது.

பிறகு ஒரு சாயங்காலம் இவன் மச்சானுக்குப் போன் செய்தான். அவர் கார் ஓட்டிக்கொண்டிருக்கும் நேரம் என்று தெரிந்தேதான் செய்தான். அப்படி ஒன்றும் தலைபோகிற விஷயமில்லை. அவர் வாங்கிக்கொண்டு போன டிரில்லிங் மெஷின் வேண்டியிருந்தது. அவர் ஒரு கையில் போனைப் பிடித்துக்கொண்டு, மறுகையால் ஸ்டீரிங்கைப் பிடித்துக்கொண்டு பேசினார். இரண்டு நிமிஷம் பேசியிருப்பார்கள். அப்புறம் அந்தச் சத்தம்.

கார் மரத்தில் மோதியது. போன் எங்கோ விழுந்தது, ஆனால் இணைப்பு அறுபடவில்லை. இண்டிகேட்டர் டிக் டிக் என்று அடித்துக்கொண்டிருந்தது. அதற்கு நடுவே அவர் மூச்சு. பிறகு குரல்.

"மாப்ள... லைன்ல இருக்கியா?"

இவன் இருந்தான். வாயைத் திறக்கவில்லை.

லிஃப்டில் யாராவது மாட்டிக்கொண்டால் இவன் தொழிலில் முதல் பாடம் ஒன்று உண்டு. கதவைத் திறப்பதெல்லாம் அப்புறம். முதலில் உள்ளே இருப்பவரிடம் பேச்சுக் கொடு, பேசிக்கொண்டே இரு. முகம் தெரியாத எத்தனையோ பேருக்குக் கதவிடுக்கில் வாயை வைத்து, பேரப்பிள்ளை கதையெல்லாம் கேட்டு, தைரியம் சொல்லியிருக்கிறான். மச்சானுக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை. 'நீ கூப்பிட்டதாலதானே' என்று எல்லோரும் கேட்பார்களே என்ற பயம் நாக்கை இழுத்துப் பிடித்துக்கொண்டது. ரோட்டில் போகிறவர்கள் யாராவது பார்த்திருப்பார்கள், ஆம்புலன்ஸ் வந்துகொண்டிருக்கும் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டு, ஒன்பது நிமிஷம் காதில் போனை வைத்தபடி நின்றான். குரல் நின்ற பிறகு இணைப்பைத் துண்டித்தான். அழைப்புப் பட்டியலிலிருந்து அதை அழித்தான். பிறகு அவரை வெளியே எடுத்தபோது அவருடைய போன் நசுங்கிச் சுக்குநூறாகிவிட்டதால் யாரும் எதையும் தோண்டவில்லை.

முக்கால் மணி நேரம் கழித்து அந்த வழியாக வந்த ஒரு வேன் டிரைவர்தான் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டார். கொஞ்சம் முன்னால் கொண்டுவந்திருந்தால் பிழைத்திருப்பார் என்று டாக்டர் சொன்னார். இவன் மனைவி அந்த வாக்கியத்தை இன்றுவரை விடவில்லை. பாத்திரம் துலக்கும்போதும், துணி மடிக்கும்போதும், தூக்கத்திலும்கூடச் சொல்வாள். "கொஞ்சம் முன்னாடி யாராவது பாத்திருக்கலாம்ல?" இவன் ஆமாம் என்று தலையாட்டுவான்.

காரைச் சரிசெய்து கொண்டுவந்த பிறகு அவள் கேட்டது இந்த ஒன்றைத்தான். அண்ணன் ஆசைப்பட்ட பெட்டியை மாட்டிக் கொடுங்கள், அவனுக்குப் பிடித்த பாட்டைப் போட்டுக்கொண்டு ஒரு சுற்றுப் போய்வரலாம். முடியாது என்று சொல்ல இவனுக்கு எந்த வாய் இருக்கிறது?

விளக்கு இரண்டு முறை சிமிட்டியது.

பெட்டியோடு வந்த தாளை எடுத்துப் படித்தான். ஒரே நேரத்தில் இரண்டு போன்களை இணைக்கலாம். ஒரு போன் இணைந்திருந்தால் விளக்கு ஒரு முறை சிமிட்டும். இரண்டு இணைந்திருந்தால் இரண்டு முறை. இவன் இணைத்தது தன் போனை மட்டும். அதுவும் பொத்தானை அழுத்திப் பிடித்து, தேடி, அனுமதி கொடுத்த பிறகுதான் இணைந்தது. சும்மா போகிற வருகிற போனெல்லாம் இதில் வந்து ஒட்டிக்கொள்ளாது.

தன் போனில் புளூடூத்தை அணைத்தான்.

விளக்கு ஒரு முறை சிமிட்டியது. ஓய்ந்தது. மறுபடியும் ஒரே முறை.

மேல்மாடியில் யாருடைய போனாவது இருக்கும் என்று சொல்லிக்கொண்டான். அப்படி இருக்காது என்று அவனுக்கே தெரியும். காருக்குள் காற்று கனத்துவிட்டது. புது சீட் துணியின் வாசனைக்கு அடியிலிருந்து வேறொரு வாசனை, சூடான இரும்பும் ரேடியேட்டர் தண்ணீரும் கலந்த வாசனை, மெல்ல எழுந்து வந்தது. சாவி இவன் சட்டைப் பையில் இருந்தது. ஸ்டீரியோவில் பச்சை எழுத்துகள் எரிந்தன.

பாவம், அந்தப் பழைய ஸ்டீரியோவுக்குத் தெரிந்ததெல்லாம் சிடி ஒன்றுதான். பாட்டு எத்தனை நிமிஷம் ஓடியிருக்கிறது என்பதை மட்டும் காட்டும். 00:01. 00:02. 00:03.

"மச்சான், அந்த டிரில்லிங் மெஷின் எங்க?"

நாலு ஸ்பீக்கரிலும் இவன் குரல்.

"வண்டியிலதான் மாப்ள இருக்கு. இப்பவே வேணுமா?" பின்னணியில் எஞ்சின் ஓடும் சத்தம். "நீ அந்தப் பெட்டிய மாட்டிக் குடு, நான் மெஷினத் தர்றேன். சரியாப் போச்சா?"

சிரிப்பு. இரண்டு பேரின் சிரிப்பு.

சத்தம் குறைக்கும் திருகைத் திருகினான். குறையவில்லை. பெட்டியின் இணைப்பை ஸ்டீரியோவிலிருந்து பிடுங்கினான். இவன் குரல் பேசிக்கொண்டே இருந்தது. கட்டிங் பிளையரை எடுத்துச் சிவப்பை வெட்டினான், மஞ்சளை வெட்டினான், ஸ்பீக்கருக்குப் போகும் ஒயர்களைக் கொத்தாகப் பிடித்து வெட்டினான். கை வேர்த்துப் பிளையர் வழுக்கியது.

02:03. 02:04.

மோதல் காரையே உலுக்கியது. வண்டி நின்ற இடத்தில் நின்றபடியே ஸ்பிரிங் இறங்கி ஏறியது.

டிக். டிக். டிக்.

"மாப்ள... லைன்ல இருக்கியா?"

கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே விழுந்தான். அப்போதுதான் லிஃப்டின் மோட்டார் உறுமியது. அந்த லிஃப்டைப் பராமரிப்பவனே அவன்தான். சத்தத்தை வைத்தே மாடியைச் சொல்வான். ஐந்தாவது மாடி. அவர்கள் வீடு. கதவு மூடுகிறது. இறங்குகிறது.

கார்க் கதவைச் சாத்தினான். உள்ளேயிருந்து சத்தம் கசிந்தது. நான்கு. சட்டையைக் கழற்றிக் கதவிடுக்கில் திணித்தான். மூன்று. டிக், டிக். இரண்டு. போய் லிஃப்டின் மெயின் சுவிட்சை அணைத்துவிடலாமா என்றுகூட நினைத்தான். அவளை நடுவில் மாட்டவைத்துவிடலாம். ஒன்பது நிமிஷம் ஆகட்டும், ஓடி முடியட்டும். கால் நகரவில்லை. ஒன்று.

லிஃப்ட் கதவு திறந்தது.

அவள் நல்ல புடவை கட்டியிருந்தாள். அண்ணன் போட்டோவைக் கையில் வைத்திருந்தாள்.

"என்னங்க, சட்டைய ஏன் கழட்டிட்டீங்க?"

"வேலை முடியல. மேல போ. நான் கூப்பிடறேன்."

"ஏதோ சத்தம் கேக்குதே."

"இண்டிகேட்டர் ரிப்பேர். போன்னு சொல்றேன்ல."

அவள் போகவில்லை. தலையைச் சாய்த்துக் கேட்டாள். அவள் முகம் கொஞ்சம் கொஞ்சமாக வெளுத்ததை இவன் பார்த்துக்கொண்டே நின்றான். இவனைத் தாண்டிப் போய்க் கதவைத் திறந்தாள். சட்டை கீழே விழுந்தது. டிரைவர் சீட்டுக்குப் பக்கத்து சீட்டில் ஏறி உட்கார்ந்தாள். பச்சை எழுத்தில் 04:40.

"அண்ணா?"

டிக் டிக் நின்றது. அது அன்றைக்கு நிற்கவில்லை. அன்றைக்குக் கடைசிவரை அடித்துக்கொண்டே இருந்தது.

"பாப்பா." ஸ்பீக்கரில் மூச்சு இழுத்தது. "வந்துட்டியாம்மா?"

"எங்கண்ணா இருக்க?"

"வண்டியிலதான். நெஞ்சு மேல ஸ்டீரிங் அழுத்துது. நீ பயப்படாத. மாப்ள லைன்லதான் இருக்காரு."

அவள் திரும்பி இவனைப் பார்த்தாள்.

"ரொம்ப நேரமா இருக்காரு பாப்பா. மூச்சு விடுற சத்தம் எனக்குக் கேக்குது. பேசத்தான் மாட்டேங்கறாரு. கோபமான்னு கேட்டுச் சொல்லு."

அவள் அழவில்லை. கத்தவும் இல்லை. அடுப்பில் பால் வைத்தீர்களா என்று கேட்கிற குரலில் கேட்டாள்.

"எவ்வளவு நேரம்?"

"எனக்குப் பயமா இருந்துச்சு."

"எவ்வளவு நேரம்னு கேட்டேன்."

"ஒம்பது நிமிஷம்."

அவள் கதவைச் சாத்திக்கொண்டாள். நான்கு பூட்டுகளும் ஒரே நேரத்தில் இறங்கின.

இவன் கண்ணாடியில் கை வைத்தான். சில்லென்று இருந்தது. காலியான டிரைவர் சீட்டின் மேலிருந்து சீட் பெல்ட் மெல்ல இறங்க ஆரம்பித்தது. யாரும் தொடவில்லை. அகலமான ஒரு மார்பைச் சுற்றிக்கொண்டு வருவது போல, வெறும் காற்றின் மேல் வளைந்து வந்து, கீழே கொண்டியில் மாட்டிக்கொண்டது. இறுகியது. பிறகு ஏறியது. இறங்கியது.

மூச்சு.

அவள் ஒரு கையை அந்த பெல்ட்டின் மேல் வைத்துக்கொண்டாள். மறுகையால் கண்ணாடியைத் தட்டினாள். இவன் பார்த்ததும், தன் வாயைத் தொட்டுக் காட்டினாள். பிறகு மேலே, கண்ணாடியோரம் இவனே ஒட்டிவைத்திருந்த பொட்டளவு மைக்கைக் காட்டினாள். பேசு என்றாள். அவள் உதடு அசைவது தெரிந்தது. பேசுங்க. ஒரு வார்த்தை.

09:20. பெல்ட் ஏறியது. நின்றது. இறங்கியது.

இவன் வாயைத் திறக்கப் பார்த்தான். தாடை அசையவில்லை. நாக்கு மேலண்ணத்தோடு ஒட்டிக்கிடந்தது. தன் மூச்சின் சத்தம் மட்டும், பெரிதாக, நாலு ஸ்பீக்கரிலும் கேட்டது. அவள் இரண்டு கையாலும் கண்ணாடியை அறைந்தாள்.

10:50.

பெல்ட் ஏறியது. வெகுநேரம் கழித்து இறங்கியது. அவள் வாய் பேசுங்க, பேசுங்க என்று சொல்லிக்கொண்டே இருந்தது. இவன் நின்றுகொண்டே இருந்தான்.