காதோரம் ஒரு பச்சை விளக்கு

செவ்வாய்க் குடியேற்றத்தில் நோயாளியை வீட்டுக்கு அனுப்புவதற்கு முன்னால் அவரைப் பார்த்துக்கொள்ளப்போகும் உறவினரின் காதில் விளக்கு மாட்டுவார்கள். மிளகளவு விளக்கு, தெளிவுமானி என்று பெயர். மருத்துவர் சொல்வது மூளையில் ஏறினால் பச்சை எரியும், ஏறாவிட்டால் சிவப்பு. மூன்று முறை சிவப்பு எரிந்தால் நோயாளி வீடு திரும்ப முடியாது. கோளைச் சுற்றிக்கொண்டிருக்கும் பராமரிப்பு நிலையத்தில் ஒரு செவ்வாய் ஆண்டு, அதாவது பூமிக் கணக்கில் ஏறக்குறைய இரண்டு வருடம், இருந்துவிட்டுத்தான் இறங்க வேண்டும். அங்கே இதைப் பற்றி யாரும் அலட்டிக்கொள்வதில்லை. தடுப்பூசி மாதிரி இதுவும் ஒன்று.

தையல்நாயகிக்கு ஏற்கெனவே இரண்டு முறை சிவப்பு எரிந்துவிட்டது. இன்று கடைசி வாய்ப்பு.

அவள் கணவர் திருமேனியின் இதயம் தளர்ந்துபோனதால், அதற்குப் பக்கத்திலேயே எலுமிச்சம்பழ அளவில் துணைநெஞ்சு ஒன்றை வளர்த்து வைத்திருந்தார்கள். நாற்பது நாளாக அவர் ஆவிமெத்தையில், தரைக்கு இரண்டு முழம் மேலே, வெதுவெதுப்பான மூட்டத்துக்குள் படுத்திருந்தார். அந்தி நேரம். செவ்வாயில் அந்தி நீலமாக இருக்கும். ஊரை மூடியிருந்த கண்ணாடிக் குவிமாடத்தின் வழியாக அந்த நீலம் இறங்கி, மூட்டத்தில் கலந்து, அவர் முகத்தைத் தண்ணீருக்கு அடியில் இருப்பது போலக் காட்டியது. கனவில் பார்க்கிற மனுஷனாட்டம் இருக்காரே என்று நினைத்தாள் தையல்நாயகி. ஆசையாகவும் இருந்தது, பயமாகவும் இருந்தது.

நாத்தனார் கோமளா காலையிலேயே வழி சொல்லிக் கொடுத்திருந்தாள். "அண்ணி, அந்த விளக்குக்கு ஒரு மண்ணும் தெரியாது. மனசுல எது தெளிவா ஓடினாலும் பச்சை காட்டும். டாக்டர் வாயத் திறந்ததும் நீங்க பாட்டுக்கு ரசம் வைங்க. ஊரே இப்படித்தான் ஆளை வீட்டுக்குக் கூட்டிட்டு வருது."

டாக்டர் நிலோபர் வந்தார். நல்ல மனுஷி, ஆனால் அவசரக்காரி. தையல்நாயகியின் காதில் விளக்கை மாட்டிவிட்டு ஆரம்பித்தார்:

"இணைதுடிப்பு ஒத்திசைவு பிறழும் தருணத்துல இடச்சாய்நிலையில இருமுறைத் தூண்டல் கொடுக்கணும். மிகைத்தூண்டல் துடிப்பொழிவை விளைவிக்கும்."

தையல்நாயகி புளியைக் கரைத்தாள். தக்காளியை நசுக்கினாள். மிளகும் சீரகமும் தட்டிப் போட்டு, நுரை கட்டும் நேரத்தில் இறக்கி, கொத்தமல்லி தூவினாள். அந்தக் கண்ணாடி ஊரில் அவளுக்கு வாசனைகூட வந்தது. தலை தானாக ஆடிக்கொண்டிருந்தது.

"பச்சை!" என்றார் டாக்டர். "அருமைம்மா. கைரேகை வச்சிடுங்க."

கட்டைவிரலை நீட்டியவள் அப்படியே நின்றுவிட்டாள். போர்வைக்கு அடியில் திருமேனியின் மார்பு ஏறி இறங்கியது. இந்த மனுஷனை வீட்டுக்குக் கூட்டிப் போய்த் தெரியாத்தனமாக நானே கொன்றுவிட்டால்?

"டாக்டரம்மா, மன்னிச்சிடுங்க. எனக்கு ஒண்ணுமே புரியலை. நான் ரசம் வச்சிட்டிருந்தேன்."

டாக்டருக்குச் சிரிப்பதா திட்டுவதா என்று தெரியவில்லை. பிறகு அவரும் எல்லோரும் செய்வதைத்தான் செய்தார். அதே வாக்கியங்களை மெதுவாகவும் சத்தமாகவும் திரும்பச் சொன்னார். மூன்றாவது முறையாக விளக்கு சிவந்தது. தையல்நாயகிக்குக் கண் நிறைந்துவிட்டது. அங்கே ஈர்ப்பு குறைவு. கன்னத்தில் உருண்ட நீர் தரையைத் தொட நேரமெடுத்தது.

"நாயகி, இங்க பாரு," என்றது மூட்டத்துக்குள்ளிருந்து ஒரு குரல். திருமேனிதான். "புழுதி கிளம்புற நாள்ல இந்தப் புது நெஞ்சு முந்திக்கும், பழசு பின்தங்கிடும். எனக்குத் தலை சுத்தும். உடனே இடதுபக்கமாச் சாய்ச்சுப் படுக்க வச்சு, விலாவுல இந்தப் பொத்தானை ரெண்டு தடவை அமுக்கு. ரெண்டே தடவைதான். மூணாவது தடவை அமுக்கினா ரெண்டு நெஞ்சும் நின்னுடும். அவ்ளோதான்."

"இதை உங்களுக்கு யாருங்க சொன்னா?"

"யாரு சொல்லணும்? நாப்பது நாளா என் உடம்புலதானே இருக்கு. நர்சு எந்திரத்துக்கிட்ட தினமும் கேட்டுக் கேட்டுத் தெரிஞ்சுகிட்டேன். என்கிட்டதான் ஒருத்தரும் கேக்கலை."

தையல்நாயகியின் காதோரம் பச்சை எரிந்தது. இந்த முறை மனசில் ரசம் இல்லை, அவர் விலாவும் அந்தப் பொத்தானும்தான் இருந்தன. டாக்டர் அவளை எல்லாவற்றையும் ஒருமுறை திருப்பிச் சொல்லச் சொன்னார். பிசகாமல் சொன்னாள். அந்த மூன்றாவது சிவப்பைப் பதிவிலிருந்து அழித்துவிட்டு, மனம் குளிர்ந்து சான்றிதழ் போட்டார் டாக்டர். அதில், 'உறவினர்: முழுத் தெளிவு. நோயாளி: மதிப்பீடு தேவையில்லை' என்று இருந்தது. அந்தப் படிவம் பூமியிலிருந்து வந்தது, யாரும் மாற்றியதில்லை.

வெளியே குவிமாடத்தின் மேல் புழுதி மெல்லத் திரண்டுகொண்டிருந்தது. கிளம்பும் முன் வழக்கமான கடைசிக் கேள்விக்காக டாக்டர் தையல்நாயகியின் பக்கம் திரும்பினார்.

"அவருக்கு இப்போ தலைசுத்தல் ஏதாச்சும் இருக்காம்மா?"

"அதெல்லாம் இல்லைங்க டாக்டரம்மா, அவரு நல்லாத்தான் இருக்காரு," என்றாள் தையல்நாயகி சந்தோஷமாக.

திருமேனி திறந்த வாயை மூடிக்கொண்டார். அவருக்கு அப்போது லேசாகத் தலை சுற்றிக்கொண்டுதான் இருந்தது.