ஒரே டாக்டர்

“காலைல டாக்டர் நடங்கன்னாங்க. இப்ப அசையாமப் படுங்கன்றாங்க. நான் என்னதான் பண்றது?” என்றான் இடும்பன்.

காந்திமதி நம்பவில்லை. கடலடி நகரத்தில் டாக்டர் ஒருவர்தான். அவரும் எப்போதும் இருப்பவர் அல்ல. யாராவது கேட்டால், எழுப்பி என்ற இயந்திரம் சேமித்து வைத்த நினைவிலிருந்து அவரை உடலோடு உருவாக்கும். அதற்கு அரை மணி நேரம் ஆகும். அதன்பின் கேட்பவர்களுக்கெல்லாம் அதே டாக்டர். கேட்டவர்களில் கடைசி ஆளும் ‘போதும்’ என்று சொன்னதும் கரைந்துவிடுவார். எழுப்பியைப் பராமரிப்பவள் காந்திமதி. கணவனின் புகார் தன் வேலையின் மீதான புகாராகவே அவளுக்குப் பட்டது.

“நீங்க பாதிதான் கேட்டிருப்பீங்க.”

“ஆமா, எனக்கு ஒரு காதுதான். கால் மரத்துப்போச்சு, அதையாவது நம்பு.”

காலைக் கிள்ளிப் பார்த்தாள். அவன் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். கிள்ளியது அவனுக்குத் தெரியவில்லை. அவள் எழுப்பியிடம் ஓடினாள்.

எழுப்பியைத் திறந்து பார்த்தபோது விஷயம் புரிந்தது. ஒருவரை உருவாக்குமுன் ‘டாக்டர் இருக்கிறாரா’ என்று அது பார்க்கும். போன வாரம் கிழக்கில் யாரோ கேட்டு, டாக்டர் பாதி உருவாகியிருந்தபோது மேற்கிலும் ஒருவர் கேட்டிருக்கிறார். பாதி உருவானவர் கணக்கில் இன்னும் இல்லாதவர். ஆகவே அது இன்னொருவரை உருவாக்கிவிட்டது. ஒரு வாரமாக ஊரில் இரண்டு டாக்டர்கள். ‘டாக்டர் வந்துட்டாங்களா’ என்று கேட்பவர்களும் ‘வந்துட்டாங்க’ என்று சொல்பவர்களும் எதையும் கவனிக்கவில்லை. மரியாதைப் பேச்சில் ஒருவரும் இருவரும் ஒன்றுதான்.

காந்திமதி எரிச்சலோடு இருவரையும் வீட்டுக்கு வரவழைத்தாள். ஒரே முகம் கொண்ட அந்த இருவரும் வெகுநேரம் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். பிறகு கிழக்கு டாக்டர், காலையில் இடும்பனின் முக்குளிப்பு வேலையிடத்தில் தான் பார்த்தது வெறும் முழங்கால் வலி என்றார். மேற்கு டாக்டருக்கு அந்த வலியைப் பற்றியே தெரியாது. வீட்டில் அவர் பார்த்தது மரத்துப்போன கால் மட்டும். இரண்டையும் சேர்த்ததும் நோய் தெரிந்தது. ஆழத்திலிருந்து வேகமாக ஏறியதில் இரத்தத்தில் காற்றுக் குமிழிகள். இன்னும் தாமதித்திருந்தால் கால் போயிருக்கும். உடனே இடும்பனைக் குமிழிகளை அடக்கும் அழுத்த அறைக்குள் வைத்தார்கள். மாலையில் அவன் கால்விரலை அசைத்தான், சாப்பாட்டில் உப்பில்லை என்றான்.

பாதி உருவானவரும் இருப்பவரே என்று காந்திமதி எழுப்பியைத் திருத்தினாள். இனி நடுவில் கேட்பவர்கள் அதே ஆளுக்காகக் காத்திருக்க வேண்டும். மிச்சமிருந்தது ஒருவரைக் கரைப்பது. மேற்கில் எல்லோரையும் ‘போதும்’ சொல்லவைத்தாள். மேற்கு டாக்டர் கரையவில்லை. அவரைக் கேட்டவர்களில் இன்னும் ஒருவர் பாக்கி என்றது எழுப்பி. அந்த ஒருவர் கிழக்கு டாக்டர். கிழக்கு டாக்டரைக் கேட்டவர்களில் மேற்கு டாக்டரும் இருந்தார்.

நேரே மருத்துவ அறைக்குப் போனாள்.

“என்ன டாக்டர் இது விளையாட்டு? ஒருத்தர்தான் இருக்கணும்னு விதி.”

“இந்த ஊர்ல எல்லாருக்கும் டாக்டர் இருக்காங்க,” என்றார் மேற்கு டாக்டர். “எனக்கு முடியலைன்னா நான் யார்கிட்ட போறது?”

காந்திமதி அவரை ஏற இறங்கப் பார்த்தாள். 

“சரி, உங்களுக்கு உடம்புக்கு என்ன?”

கிழக்கு டாக்டர் மற்றவரின் மணிக்கட்டை விடாமல் பிடித்திருந்தார்.

“இப்பதானேம்மா பார்க்கவே ஆரம்பிச்சிருக்கோம்,” என்றார்.