புழுத் தொட்டியில் வெள்ளைத் துகள்

காலை 6.40. புனேயின் ஔந்த் பூங்காக் கோடியில், உரத் தொட்டியை மூடியிருந்த சாக்கைத் தூக்கிய தோட்டக்காரர் சின்னதுரை மூச்சு முட்டிப் பின்வாங்கினார். கண்ணில் நீர் கொட்டியது. மூன்று மாதமாகச் சருகைத் தின்று உரமாக்கிய மண்புழுக்கள் அத்தனையும் செத்துக் கிடந்தன.

7.05. சத்தியவதி ஓடி வந்தாள். பள்ளியில் வேதியியல் டீச்சர். நகராட்சியோடு மல்லுக்கு நின்று இந்தத் தொட்டிக்கு அனுமதி வாங்கியவள். சோதனைக் காலம் இன்றோடு முடிகிறது. பத்து மணிக்கு அதிகாரி வருகிறார். தொட்டி தேறாவிட்டால் சின்னதுரையின் வேலைக்கு வேட்டு.

அவளுக்கு முன்பே பத்மநாபன் வந்து நின்றிருந்தார். எதிர்க் கட்டடத்தில் மூன்றாவது மாடி. பால்கனிக்கு நேர் கீழே தொட்டி.

"மூத்திர நாத்தம் அடிக்குது பாருங்க. உங்க தோட்டக்கார மாலி இதுக்குள்ளயே போயிருக்கான்!"

"சத்தியமா இல்ல டீச்சர்." சின்னதுரை கையெடுத்துக் கும்பிட்டார். ஐம்பது வயது மனிதர் கூனிக் குறுகி நின்றார்.

"சுத்தம்னா எங்க வீட்டைப் பாருங்க," என்றார் பத்மநாபன் விடாமல். "நேத்து காலையில பிள்ளையாரைக் கரைச்சோம். களிமண் பிள்ளையார். வாளித் தண்ணியில ஒரு மணி நேரம், கரைஞ்சுட்டார். துளசிக்கு ஊத்தியாச்சு."

சத்தியவதி சாக்கை உதறினாள். காய்ந்த மடிப்பிலிருந்து வெள்ளைத் துகள்கள் உதிர்ந்தன. வாசல் டீக்கடையில் எலுமிச்சை வாங்கிவந்து அவற்றின் மேல் பிழிந்தாள். நுரைத்துப் பொங்கியது; சோடா உப்பு போல ஏதோ ஒரு பைகார்பனேட்.

7.30. பூங்கா வாசலில், பிளாஸ்டர் கணபதியை வீட்டிலேயே கரைக்க அமோனியம் பைகார்பனேட் பவுடரை இலவசமாகத் தந்துகொண்டிருந்தாள் ரோஹிணி. ஐ.டி. பெண், பத்மநாபனின் கட்டடத்தில்தான் குடியிருக்கிறாள்.

"நேத்து யார் யார் வாங்கினாங்க?"

"ரெண்டே பேர், ஆன்ட்டி. நானு, பத்மநாபன் அங்கிள். அவர் ஈவினிங் வாங்கினார். என் கணபதி இன்னும் பக்கெட்லதான். தலை கரைஞ்சிடுச்சு, தொப்பை அப்படியே இருக்கு."

7.50. சத்தியவதி திரும்பி வந்தாள்.

"சார், நேத்து வாங்கின பவுடர் எங்க?"

பத்மநாபனின் முகம் வெளுத்தது. "அது... பிள்ளையாரைக் கரைக்க..."

"காலையிலயே கரைஞ்ச பிள்ளையாருக்கு சாயங்காலம் பவுடரா? அதுவும் களிமண்ணுக்கு? வெறும் தண்ணி போதும்னு நீங்கதானே சொன்னீங்க. ஈரத்துல போட்டா அந்தப் பவுடர்லேருந்து அமோனியா கிளம்பும். பழைய மூத்திர நெடியும் அதேதான். பழி போட இவர் கிடைச்சார், இல்லையா?"

பத்மநாபன் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். "வீட்டுக்கு வர்றவங்க எல்லாம் பால்கனியில நின்னு, கீழ என்ன குப்பைமேடான்னு கேக்கறாங்க மேடம். மாலி போனதும் தூவிட்டேன்."

"இதை அதிகாரிகிட்ட உங்க வாயால சொல்லணும்."

சின்னதுரை மெல்லச் சொன்னார்: "சார், போன மாசம் துளசி வாடுதுன்னு உங்க வீட்டம்மா கேட்டாங்க. இந்தத் தொட்டியிலேருந்துதான் ஒரு கை புழு எடுத்துப் போட்டேன். அந்தச் சட்டியைக் கொண்டாங்க."

10.00. கெட்ட உரத்தை அள்ளிக் கொட்டித் தொட்டியைக் கழுவியிருந்தார்கள். அதிகாரி வந்து இறங்கியபோது, துளசிச் சட்டியைக் கட்டிப்பிடித்தபடி மூச்சிரைக்க வந்து சேர்ந்தார் பத்மநாபன். தலையைக் குனிந்து மராத்தியில் எல்லாவற்றையும் சொன்னார். அதிகாரி அவரை ஒரு பார்வை பார்த்துவிட்டு, சோதனைக்கு இன்னும் மூன்று மாதம் என்று எழுதிக் கையெழுத்திட்டார்.

சின்னதுரை அதைப் பார்க்கவில்லை. சட்டி மண்ணை விரலால் கிளறி, நெளிந்தவற்றை ஒவ்வொன்றாகத் தன் உள்ளங்கையில் எடுத்து வைத்துக்கொண்டிருந்தார்.

"பதினேழு இருக்கு டீச்சர். போதும்."