அடுத்த இருக்கைக்காரர்

நான் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தது ஒரு மதியம். மழைக்கு முந்தைய இருட்டு. வாசல் கதவு திறந்தே கிடந்தது. ஹாலில் அப்பா நாற்காலியில் உட்கார்ந்தபடியே தூங்கிக்கொண்டிருந்தார். ஒரு காலில் மட்டும் செருப்பு இருந்தது.

பாதி ஆயுளை ராணுவச் சரக்கு விமானம் ஓட்டியே கழித்தவர். ஓய்வு பெற்றதும் தனியார் கம்பெனிகள் கூப்பிட்டன. "இனிமே வானத்தப் பாத்துக்கிட்டு என்னால உக்கார முடியாது" என்று அம்மா சொன்ன ஒரே சொல்லுக்காக எல்லாவற்றையும் வேண்டாமென்றார். இப்போது அம்மா பக்கவாதத்தில் படுத்துவிட்டாள். புரட்டிப் போடுவது, துடைப்பது, ஊட்டுவது எல்லாம் அவர்தான்; ஒத்தாசைக்கு ஒரு நர்ஸை வைத்திருந்தோம்.

அவரை எழுப்பாமல் அம்மாவின் அறைக்குப் போனேன். அவளை இடப்பக்கமாகத் திருப்பிப் படுக்கவைத்து, முதுகுக்குத் தலையணை கொடுத்திருந்தது. நெற்றியில் துடைத்த ஈரம் இன்னும் காயவில்லை. நர்ஸ் பின்கட்டில் இருக்கிறாள் போலும் என்று நினைத்துக்கொண்டேன்.

அப்பா எழுந்ததும் கேட்டேன். "நர்ஸ் எங்கப்பா?"

"அந்தப் பொண்ணு வேலைய விட்டு நின்னுட்டாளே. அந்த ரூமுக்குள்ள போகவே பயமா இருக்குன்னா."

"அப்ப அம்மாவ யாரு திருப்பிப் போட்டது?"

அவர் இரண்டு கைகளாலும் முகத்தை அழுத்தித் தேய்த்தார்.

"சுருட்டை."

சுருட்டை அவருடைய துணை விமானி. நான் பிறப்பதற்கு முன்பே செத்துப்போனவர். ஒரு நீண்ட பயணத்தில் அப்பாவால் கண்ணைத் திறந்து வைக்கவே முடியவில்லையாம். "நீ தூங்கு, நான் பாத்துக்கறேன்" என்று சுருட்டை விமானத்தை வாங்கிக்கொண்டார். அப்பா விழித்தபோது புயல் மேகத்தைச் சுற்றிக்கொண்டு விமானம் ஒழுங்காகத்தான் போய்க்கொண்டிருந்தது. பக்கத்து இருக்கையில் சுருட்டையின் கை மட்டும் விறைத்துச் சில்லிட்டிருந்தது. உயிர் போய் வெகுநேரமாகிவிட்டது என்றார்கள் டாக்டர்கள்.

"இங்க வர்றது அவன்தான். எனக்கு அவன் மூச்சு தெரியும்."

"பயமா இல்லையாப்பா?"

"பயப்படறதுக்கும் உடம்புல தெம்பு வேணும்ல கண்ணு."

மறுநாள் மதியம் அப்பா கண்ணயர்ந்தார். அம்மாவின் அறையிலிருந்து, அப்பாவின் பழைய சீருடையில் அடிப்பதுபோல, மண்ணெண்ணெய் மாதிரி விமான எரிபொருள் வாடை வந்தது. கட்டில் முனகியது. யாரோ ஓர் ஆண் மெதுவாகத் தொண்டையைச் செருமினார்.

அறை வாசற்படிவரை போனேன். அதற்குமேல் கால் எழவில்லை.

அம்மாவின் தலை, கண்ணுக்குத் தெரியாத ஓர் உள்ளங்கையில் ஏந்தியதுபோல உயர்ந்தது. தலையணை நகர்ந்தது. தலை பதமாக இறங்கியது.

நான் ஓடிப்போய் அப்பாவை உலுக்கினேன்.

அவர் எழவில்லை.

கன்னத்தில் தட்டினேன். தண்ணீர் தெளித்தேன். வெளிச்சம் போய் விளக்கு போட்ட பிறகுதான் கண் திறந்தார். எங்கே இருக்கிறோம் என்றே அவருக்குத் தெரியவில்லை.

"எழுப்புடான்னு சொல்லிட்டுத்தான் தூங்குறேன். நாளுக்கு நாள் லேட்டாத்தான் எழுப்புறான்." குரல் தேய்ந்திருந்தது. "போதும்டா, என் பொண்டாட்டிய நான் பாத்துக்கறேன்னு சொல்லிப் பாத்தேன். கேக்க மாட்டேங்கிறான்."

"நாம வேற வீட்டுக்குப் போயிடலாம்பா."

"செத்தப்பறமும் விமானத்த விடாம ஓட்டினவன். வீடு மாறினா விட்டுடுவானா?"

அதற்குப் பிறகு அவர் உட்காரவே மறுத்தார். கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றபடியே அம்மாவுக்கு ஊட்டினார். நகம் வெட்டிவிட்டார். பழைய சண்டை ஒன்றை நினைவுபடுத்தி அவளைச் சிரிக்கவைக்கப் பார்த்தார். அவள் உதடு ஒருபக்கமாக அசைந்தது. அதில் அவருக்கு அத்தனை சந்தோஷம். நான் மருந்து வாங்கப் போய்த் திரும்புவதற்குள் அவருடைய முழங்கால் மடங்கிவிட்டது. கட்டிலோரத் தரையில், அம்மாவின் கைக்குக் கீழே தலை சாய்த்திருந்தார்.

இந்த முறை எவ்வளவு உலுக்கியும் பயனில்லை.

"தூக்கத்துலயே போயிட்டாரு. எல்லாருக்கும் கிடைக்குமா?" என்றார் டாக்டர்.

காரியங்கள் முடிந்து சொந்தக்காரர்கள் கிளம்பினார்கள். வீட்டில் நானும் அம்மாவும்தான். இரண்டே நாளில் என் இடுப்பு ஒடிந்துவிட்டது. அன்று பிற்பகல் அவளுக்குப் பக்கத்தில் சும்மா சாய்ந்தவள் எப்போது தூங்கினேனோ. விழித்தபோது என்மேல் போர்வை இருந்தது. அம்மா வலப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். புதிதாக மாற்றிய விரிப்பில் ஒரு சுருக்கமில்லை.

எனக்கு அழுகை பொங்கியது. போன பிறகும் அவளை விட மனசு வரவில்லை அவருக்கு.

"அப்பா வந்தாராம்மா?" என்று அவள் காதருகில் கேட்டேன்.

அம்மாவின் வாய் கோணியது. ஒவ்வொரு சொல்லாகத் தள்ளினாள்.

"வந்தாரு... வாசல்ல... நிக்கிறாரு."

கதவைப் பார்த்தேன். அங்கே யாரும் இல்லை.

"உள்ள வரச் சொல்லும்மா."

அவள் கண்ணிலிருந்து நீர் மூக்கின்மேல் வழிந்து விரிப்பில் இறங்கியது.

"அவன்... விட மாட்டேங்கிறான்."

எழுந்து கதவருகே போகத்தான் நினைத்தேன். ஆனால் இமை இரண்டும் ஈயமாகக் கனத்தன. போர்வையை யாரோ என் கழுத்துவரை இழுத்துவிட்டார்கள்.