உறக்க ஈடு

பிற்பகல் மணி அடித்ததும் கைதிகள் துயில்கூடத்துக்குப் போனார்கள். இசக்கிமுத்து தன் கட்டிலில் படுத்தான். காவலர் அவன் நெற்றியில் துயில்மாற்றியின் பட்டையைக் கட்டினார். நாளில் அவனுக்கு அந்த ஒரு தூக்கம்தான். கண் செருகியது. எழுந்தபோது பழைய அசதி அப்படியே இருந்தது. அவன் தூங்கிய தூக்கத்தை இயந்திரம் உறிஞ்சித் தேக்கி வைத்திருந்தது. இரவில் தூத்துக்குடியில் ஜெபராணி அதே மாதிரிப் பட்டையைக் கட்டிக்கொண்டு படுத்தால், அது அவளுடைய தூக்கமாகிவிடும்.

ஒருவரின் உறக்கத்தைக் கெடுத்தவர் தம் உறக்கத்தைக் கொடுத்து அதை ஈடுகட்ட வேண்டும் என்பது சட்டம். இசக்கிமுத்து கெடுத்தது ஜெபராணியின் உறக்கத்தை. உப்பு லாரி ஓட்டியவன் அவன். ஓட்டுநர் கண்ணயர்ந்தால் அலறும் விழிப்புக்காவலன் கருவி ஓயாமல் நச்சரித்ததால் அதை அணைத்துவிட்டு ஓட்டினான். விடியலில் ஒரு கணம் அயர்ந்து, திடுக்கிட்டுக் கண் திறந்தபோது, தேவாலயப் பூசைக்குப் போன சிறுமி ஒருத்தி முகப்பு விளக்கின் ஒளியில் திரும்பிப் பார்த்தாள். பெயர் ஷெரின். ஜெபராணிக்கு ஒரே பிள்ளை.

சிறைக்கு வந்த புதிதில் அந்தப் பார்வை தினமும் கனவில் வந்தது. பட்டை கட்டத் தொடங்கிய பின் வரவில்லை. அதில் ஒரு நிம்மதி இருந்தது. நிம்மதியாக இருப்பது இன்னொரு குற்றம் போலவும் இருந்தது. அதை அவன் யாரிடமும் சொல்லவில்லை.

ஆனால் உடம்பு தளர்ந்துகொண்டே வந்தது. கை நடுங்கியது. ஒருநாள் பார்க்க வந்த மனைவி முத்துக்கனியிடம் மகனைப் பற்றி விசாரிக்க வாயெடுத்தான். மகன் பெயர் நினைவுக்கு வரவில்லை. அவள் வெளியே போய் அழுதுவிட்டு, நேராக இலவசச் சட்ட உதவி மையத்துக்குப் போனாள்.

அங்கிருந்து வந்தவர் வழக்கறிஞர் மெஹருன்னிசா. ஈட்டை எதிர்த்து மனுப் போடலாம் என்று விளக்கினார். உடல் தாங்காவிட்டால் குறைக்கச் சொல்லலாம். தீர்ப்பில் இல்லாத எதையாவது எடுத்திருந்தால் அடியோடு நிறுத்தவே சொல்லலாம்.

இசக்கிமுத்து தலையைக் குனிந்துகொண்டான். "பிள்ளையக் கொன்னவன் நல்லாத் தூங்கணும்னு மனுப் போட்டா, அந்த அம்மா என்ன நினைப்பாவ?"

"தண்டனை வேற, ஈடு வேற. தப்ப ஒத்துக்கிட்டே, எடுக்கிற அளவு சரியான்னு கேக்கலாம்," என்றார் மெஹருன்னிசா.

மகன் பெயரை நினைத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டான்.

விசாரணையன்று மருத்துவர் அவன் மூளை தேய்ந்துவருவதை உறுதி செய்தார். பாதியாகக் குறைத்தால் போதும் என்றார் மெஹருன்னிசா. ஜெபராணிக்கு ஆட்சேபம் உண்டா என்று நீதிபதி கேட்டார். அவள் எழுந்து, புடவைத் தலைப்பைக் கையில் சுற்றிக்கொண்டு நின்றாள்.

"பாதிய அவரே திரும்ப எடுத்துக்கிடட்டும்மா. முழுசா நிப்பாட்டிராதிய. அந்தத் தூக்கத்துலதான் எம்பிள்ள வருவா."

நீதிபதி புரியவில்லை என்றார்.

"ஸ்டியரிங்கப் பிடிச்சுக்கிட்டு நாந்தான் உக்காந்திருப்பேன். வெளிச்சத்துல அவ திரும்பிப் பாப்பா. அதோட முழிச்சிருவேன். பயமாத்தான் இருக்கும். ஆனாலும் அவளக் கடைசியாப் பாத்த கண்ணு எனக்கு இல்லல்லாம்மா."

இசக்கிமுத்து கூண்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டான். தன்னை விட்டுப் போன கனவு எங்கே போயிருந்தது என்று அப்போதுதான் அவனுக்குத் தெரிந்தது. பெற்றவளை அவனுடைய இருக்கையில் உட்கார வைத்துவிட்டு அவன் நிம்மதியாக இருந்திருக்கிறான்.

மெஹருன்னிசா எழுந்தார். ஜெபராணியைப் பார்க்க அவருக்கு மனம் வரவில்லை. ஆனாலும் சொல்ல வேண்டியதைச் சொன்னார். துயில்மாற்றி கனவைக் கடத்தாது என்ற உறுதியின் பேரில்தான் அதற்கு அனுமதி கிடைத்தது. தீர்ப்பு உறக்கத்தை மட்டுமே எடுக்கச் சொன்னது. எனவே இந்த ஈடு செல்லாது. நீதிபதி அதை ஏற்று, அன்றே முழுவதும் நிறுத்த உத்தரவிட்டார்.

இசக்கிமுத்து பதறிப்போய், தனக்குச் சம்மதம்தான், கனவை ஜெபராணியே எடுத்துக்கொள்ளட்டும் என்றான். கூடுதலாக எடுப்பதை எதிர்க்கத்தான் கைதிக்கு வழி இருக்கிறது, கொடுத்தே தீருவேன் என்று கேட்கச் சட்டத்தில் இடமில்லை என்றார் நீதிபதி.

கனவு அவனிடம் திரும்பி வந்தது. அடுத்த வாரமே ஜெபராணி சிறைக்கு வந்தாள். கண்ணைச் சுற்றிக் கருத்திருந்தது. கண்ணாடித் தடுப்புக்கு அப்பால் உட்கார்ந்து கேட்டாள்.

"வந்தாளா?"

அவன் சொன்னான். எந்தப் பக்கம் திரும்பினாள், முடி எப்படிப் பறந்தது, கையில் ஜெபமாலை இருந்ததா என்று அவள் ஒவ்வொன்றாகக் கேட்டாள். அவன் ஒன்றையும் விடாமல் சொன்னான். அவள் வாரந்தோறும் வந்தாள்.

மாதங்கள் போயின. கை நடுக்கம் நின்றது. மகன் பெயரோடு அவன் படிக்கும் வகுப்பும் நினைவுக்கு வந்தது. கனவு இடைவெளி விட்டு வந்தது. பிறகு ஒரு வாரம் முழுக்க வரவே இல்லை. அந்த வாரமும் ஜெபராணி வந்தாள்.

"வந்தாளா?"

இல்லை என்று சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை.

"வந்தா, அக்கா. திரும்பிப் பாத்துச் சிரிச்சா."

ஜெபராணி அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அவ அதுல சிரிக்க மாட்டா," என்றாள். பிறகு கேட்டாள்: "நல்லாத் தூக்கம் வருதோ உங்களுக்கு?"

கோபமாகக் கேட்கவில்லை. அவன் பதில் சொல்வதற்குள் பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.