படத்தை அழுத்தியவர்கள்

யாரும் தொடாத பட்டன் ஒன்று அழுத்தப்பட்டிருந்தது. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு காற்று விழுந்து, கொழும்புத்துறைக் கரையின் சேற்று வாடை யன்னலுக்குள்ளால் மெல்ல ஏறிக்கொண்டிருந்த நேரத்தில்தான் சுபாஜினி அந்தப் பதிவு வரியை மடிக்கணினியில் பார்த்தாள். முதலில் அவளுக்கு வந்தது எரிச்சல். மூன்று நாளாக இந்தப் பட்டன்களோடுதான் மாரடிக்கிறாள்.

அவள் வேலை பார்ப்பது மரண அறிவித்தல் தளம் ஒன்றுக்கு. கனடாவிலும் பிரான்சிலும் இருக்கிற சனம், செத்தவீட்டுக்கு வரமுடியாத குறைக்கு, அதில் விளக்குப் படத்தை அழுத்தி அஞ்சலி செய்யும். தளத்தின் அடியில் கிடந்த ஜாவா மென்பொருள் கட்டமைப்பைப் புதிய பதிப்புக்கு மாற்றியதும், அவர்களே எழுதி வைத்திருந்த படப் பட்டன்கள் எல்லாம் குழம்பிப் போயின. விளக்கு வேலை செய்யவில்லை. 'அகற்று' வேலை செய்யவில்லை. பட்டனாக இருக்கவே கூடாத இறந்தவரின் படம் மட்டும் பட்டனாகிவிட்டது.

படப் பட்டனை அழுத்தினால், படத்தில் எந்த இடம் தொடப்பட்டது என்று இரண்டு எண்கள் பதிவாகும். 150, 212 என்று பதிந்திருந்தது. தளம் அவளுடைய கணினிக்குள் மட்டுந்தான் ஓடிக்கொண்டிருந்தது. வெளியில் ஒருவருக்கும் தெரியாது.

இன்னொரு வரி விழுந்தது. 151, 212. பிறகு 149, 213.

நெல்லியடியில் இருந்த முதலாளி கிறிஸ்ரோபர் அண்ணைக்கு அழைத்தாள்.

"ஆரின்ரை பேரைப் போட்டுச் சோதிக்கிறாய், பிள்ளை?" என்று கேட்டார்.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியை முடிந்தவர்களின் பேரைத்தான் சோதனைக்குப் போடவேண்டும் என்பது அவருடைய கண்டிப்பு. அவசரத்தில் கைக்கு வந்ததைப் போட்டிருந்தாள்.

"இவரின்ரை பேர், அண்ணை. கலியாணப் படம்."

"உடனை அழி," என்றார்.

தரவுத்தளத்துக்குள் போய் அழித்தாள். அழிந்தது. பக்கம் மட்டும் போகவில்லை. தலைப்பாகையோடு அவளுடைய புருசன் மயூரதன் சிரித்துக்கொண்டே இருந்தான். விடிய மீன்பிடித்துக் கடலால் வந்தவன் உள்ளறையில் படுத்திருந்தான். அவனுடைய குறட்டை கேட்டது அவளுக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது.

வரிகள் நாற்பதைத் தாண்டின. எண்கள் ஏன் இப்படி ஒரே இடத்தைச் சுற்றுகின்றன என்று படத்தில் அளந்து பார்த்தாள். குறுக்கே நூற்றைம்பது. கீழே இருநூற்றுப் பன்னிரண்டு. உதடுகளின் நடு.

எல்லாம் வாயில்தான். ஒன்றுக்கும் அடுத்ததுக்கும் ஒரே அளவு இடைவெளி. ஒருவர் வந்து, குனிந்து, கையை விரித்து, விலகி, அடுத்தவருக்கு இடம் விடுகிற இடைவெளி. இரண்டு வருடத்துக்கு முன் ஐயாவின் செத்தவீட்டில் அவளும் அப்படி வரிசையில் நின்று போட்டவள்.

வாய்க்கரிசி.

குறட்டை நின்றது.

"இஞ்சருங்கோ," என்று கூப்பிட்டாள்.

"ஓம்." மயூரதன் செருமினான். "தொண்டைக்குள்ளை என்னவோ நெறுநெறுக்குது. தண்ணி கொண்டு வாரும்."

தளத்தை ஓட்டுகிற சேர்வரை நிறுத்தினாள். வரி விழுந்தது. இணையத்தைத் துண்டித்தாள். வரி விழுந்தது. திரை கறுக்கும்வரை மடிக்கணினியின் பொத்தானை அமத்திப் பிடித்தாள். எதைச் செய்தாலும் பிந்திவிட்டது என்று அவளுக்குத் தெரிந்தது. அந்தத் தெரிதல்தான் பயத்தைவிடக் கொடுமையாக இருந்தது.

கறுத்தது.

அமைதி.

உள்ளறையில் சர்ரென்று ஒரு சத்தம். சுளகிலிருந்து எதையோ கொட்டுவதுபோல.

இடைவெளி.

சர்.

தண்ணீர்ச் செம்போடு ஓடினாள். கட்டில் விளிம்பில் அவன் இருந்தான். இரண்டு கையும் கழுத்தில். வாய் பிளந்தபடி. பச்சரிசி, பல்மட்டத்துக்கு. கண்கள் அவளைக் கெஞ்சின. பக்கத்தில் யாருமில்லை. மேலே ஒரு பிடி விழுந்தது. மணிகள் நாடியில் உருண்டு மடியில் சிந்தின.

இடைவெளி.

யாரோ விலகி அவளுக்கு இடம் விட்டார்கள்.

செம்பு கீழே விழுந்தது. அவளுடைய வலது கை தானாக மூடிக்கொண்டது. உள்ளே ஈர அரிசி. விரிக்க முயன்றாள். முடியவில்லை. கை அவன் வாய்க்கு நேராக உயர்ந்துகொண்டிருந்தது.