பச்சைக் காரின் இடது கன்னம்

"என் மெக்கானிக் பொய் சொல்றான். ஏன்னு நீங்கதான் கண்டுபிடிச்சுச் சொல்லணும்!"

சொல்லிக்கொண்டே நுழைந்த பெரியவர், வந்த வேகத்தில் இடது தோளைக் கதவு நிலையில் இடித்துக்கொண்டார். நிலையை ஒரு முறை முறைத்தார். அது மன்னிப்புக் கேட்கிற மாதிரித் தெரியவில்லை; நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

இன்ஷூரன்ஸ் அலுவலகத்தின் இரண்டாம் மாடியில், அடிபட்ட வண்டிகளைப் பார்த்து அறிக்கை எழுதும் சர்வேயர் அம்மாவின் அறை அது. அவருடைய மேசை சுத்தமாக இருக்கும். எதிர்மேசை போட்டோக்காரருடையது. நசுங்கிய வண்டிகளைப் படம் எடுப்பது அவர் வேலை. யார் குற்றவாளி என்று ஊகிப்பது சம்பளமில்லாத வேலை. நாற்பத்தைந்து வயதாகியும் அவருக்கு ஓரிடத்தில் இருப்புக்கொள்ளாது. அன்று இன்னும் மோசம். பச்சைக் கார் விவகாரத்தை மாலை ஐந்து மணிக்குள் முடித்துத் தரச்சொல்லி மேனேஜர் காலையிலிருந்து மூன்று தடவை ஆள் அனுப்பிவிட்டார்.

வந்தவர் ஓய்வுபெற்ற ஸ்டேஷன் மாஸ்டர். அந்தப் பழைய பச்சைக் காரின் சொந்தக்காரர். போட்டோக்காரர் தானே போய் டீ வாங்கி வந்து அவருடைய இடது கைப்பக்கம் வைத்தார்.

"நாப்பது வருஷமா ஓட்டுறேன். ஒரு கீறல் விழுந்ததில்ல" என்றார் ஸ்டேஷன் மாஸ்டர். "போன செவ்வாக்கிழமை காலையில ஆயில் மாத்த விட்டேன். சாயங்காலம் வந்து நிக்கிறான். 'ஐயா, காலைல பத்தரைக்கு டிரையல் பாத்தேன், பிரேக் பிடிக்கல, கல்தூண்ல மோதிட்டேன்'ங்கிறான். முப்பது வருஷமா அவன் கை பட்ட வண்டியில பிரேக் பிடிக்கலன்னு நான் கேட்டதே இல்லம்மா."

"யானைக்கும் அடி சறுக்குமே சார்" என்றார் போட்டோக்காரர்.

"யானை சறுக்கினா மூஞ்சியில தெரியும். இவன் மூஞ்சியில இருந்தது வேற. என்னை நிமிர்ந்து பாக்கல."

சர்வேயர் அம்மா கோப்பைப் புரட்டினார். "பட்டறைக்காரர் ஓட்டும்போது அடிபட்டா பாலிசி செல்லாதுன்னு அவருக்குத் தெரியுமா?"

"தெரியும். 'நானே என் செலவுல சரி பண்றேன்'னு எழுதியும் குடுத்துட்டான். அதுக்காகப் பட்டறையை விக்க ஆள் பாக்குறானாம். ரெண்டு பொண்ணுங்களை வளர்த்த பட்டறைம்மா அது. எனக்கு ராத்திரி தூக்கமில்ல." அவர் எதிரே மேசையைப் பார்த்துவிட்டுக் கசப்பாகச் சிரித்தார். "உங்க ஆபீஸ்ல ஒரு டீகூடக் குடுக்க மாட்டீங்களா?"

போட்டோக்காரருக்குச் சுருக்கென்றது. டீ அவர் முழங்கைக்குப் பக்கத்திலேயே ஆடை கட்டிக்கொண்டிருந்தது. வாயைத் திறக்கப் போனவரைச் சர்வேயர் அம்மா கண்ணால் தடுத்தார். எழுந்து, டம்ளரை எடுத்து, சத்தமில்லாமல் பெரியவரின் வலப்பக்கம் வைத்தார்.

"நன்றி" என்று ஒரு வாய் குடித்த ஸ்டேஷன் மாஸ்டர் முகத்தைச் சுளித்தார். "ஆறிப்போச்சே."

அவர் போனதும் போட்டோக்காரர் பொரிந்து தள்ளினார். "பாத்தீங்களாக்கா திமிரை? நான் வச்சா கண்ணுக்குத் தெரியல, நீங்க வச்சா தெரியுது!"

"தெரியலன்னா தெரியலதான் தம்பி. கேமராவை எடுங்க, பட்டறைக்குப் போவோம்."

பட்டறைக்காரரை ஊரில் எல்லோரும் ஏணி மெக்கானிக் என்பார்கள். ஆறடிக்கு மேல் நான்கு விரற்கடை உயரம். கூரை விளக்கை மாற்ற ஸ்டூல் தேட வேண்டியதில்லை. அவர்களைக் கண்டதும் கையைத் துடைத்தார், மறுபடி துடைத்தார், துணி கிழியும்வரை துடைத்தார்.

பச்சைக் கார் ஓரமாக நின்றது. வலப்பக்கம் கண்ணாடிபோல் மின்னியது. இடதுபக்க முன் மட்கார்டு மட்டும் பல்வலிக்காரன் கன்னம் மாதிரிப் புடைத்து, கிழிந்து, பக்கத்து விளக்கு வளையத்தோடு தொங்கியது.

"எதையும் தொட்டீங்களா?" என்று கேட்டார் சர்வேயர் அம்மா.

"என்னம்மா இப்படிக் கேட்டுட்டீங்க?" மெக்கானிக்கின் குரலில் அப்போதுதான் உயிர் வந்தது. "அடிபட்ட வண்டியைக் கயிறு கட்டி இழுத்துட்டு வந்து நிறுத்தினதும் பாட்டரி வயரை உருவுவேன். அதுக்கப்புறம் சர்வேயர் வந்து பாக்குற வரைக்கும் ஒரு நட்டுகூடத் திருக மாட்டேன். இது நேத்து இன்னிக்குப் பழக்கமில்ல."

சர்வேயர் அம்மா, எந்த வண்டியைத் திறக்கும் முன்பும் செய்வதுபோல, ஒரு நொடி கண்ணை மூடி, 'உள்ளதைக் காட்டு சாமி' என்று முணுமுணுத்தார். பிறகு பிரேக்கைக் கையால் அழுத்திப் பார்த்தார். கல்லாக நின்றது. போட்டோக்காரர் வண்டிக்குள் தலையை விட்டுப் படமெடுத்தார். ஸ்டியரிங்குக்குப் பக்கத்துக் கடிகாரம் மூன்று ஐம்பத்திரண்டில் நின்றிருந்தது. ஓட்டுநர் சீட் அது நகரும் தண்டவாளத்தின் கடைசிப் பல்வரை முன்னால் தள்ளப்பட்டிருந்தது. அதில் உட்கார்ந்து பார்த்தபோது போட்டோக்காரரின் முட்டி ஸ்டியரிங்கில் இடித்தது. பின்பக்கம் பார்க்கும் கண்ணாடியில் அவருடைய சட்டைப் பித்தான்தான் தெரிந்தது.

சர்வேயர் அம்மா கிழிந்த மட்கார்டின் விளிம்பருகே குந்தி உட்கார்ந்து, பூதக்கண்ணாடியை வைத்து எதையோ எண்ணிக்கொண்டிருந்தார். பிறகு வலப்பக்கம் போய், கதவு விளிம்பில் பெயிண்ட் உதிர்ந்த ஓரிடத்தில் எண்ணினார்.

"அந்தப் பக்கம் எட்டு. இந்தப் பக்கம் ரெண்டு" என்றார் தனக்குத்தானே.

போட்டோக்காரரால் பொறுக்க முடியவில்லை. அவரை வாசலுக்கு இழுத்துப் போனார். "அக்கா, எனக்குப் புரிஞ்சுபோச்சு! ஆள் வண்டியை யாருக்கோ வாடகைக்கு விட்டிருக்கார். பழைய காருக்கு நல்ல கிராக்கி. மோதினது அந்தக் குள்ளன். இவர் மூடி மறைக்கிறார்!"

"சீட்டை வச்சுச் சொல்றீங்க. நல்லது. பாதி சரி. ஆனா வாடகைக்கு விட்டுச் சம்பாதிக்கிறவர் பட்டறையை ஏன் விக்கணும்?"

போட்டோக்காரர் பதில் தேடிக் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். மணி மூன்று. நெஞ்சுக்குள் மேனேஜர் இருமினார்.

"வாங்க ஏணியண்ணே, நீங்களும்தான்" என்றார் சர்வேயர் அம்மா. "ஸ்டேஷன் மாஸ்டர் வீடு வரைக்கும் போயிட்டு வருவோம்."

மெக்கானிக் தூக்கு மேடைக்குப் போகிறவர்போல நடந்தார். ஜீப்பில் அவருடைய முழங்கால்கள் தாடையைத் தொட்டன. வழியில் ஒரே ஒரு தடவை, "வேணாம்மா, நான்தான் ஓட்டினேன்னே எழுதிடுங்க. எல்லாருக்கும் நல்லது" என்றார்.

"எல்லாருக்குமா?" என்று திரும்பினார் சர்வேயர் அம்மா. "அந்தக் கார் போற தெருவில இடதுபக்கமா நடந்து போற குழந்தைக்குமா?"

மெக்கானிக் முகத்தைக் கைகளால் மூடிக்கொண்டார். போட்டோக்காரருக்கு ஒன்றும் விளங்கவில்லை.

கதவைத் திறந்தவர் ஸ்டேஷன் மாஸ்டரின் மனைவி. மெக்கானிக்கின் மார்புக்குக்கூட எட்டாத உயரம். கணவர் நாற்காலிக்கு வரும்போது அவர் இடப்பக்கமாக ஒட்டியே நடந்தார். வழியில் நீட்டிக்கொண்டிருந்த முக்காலியைக் காலாலேயே நகர்த்தினார். ஆளுக்கொரு டம்ளர் தண்ணீர் கொடுத்தவர், கணவருடையதை மட்டும் சுற்றிப் போய் வலது கையில் கொடுத்தார்.

சர்வேயர் அம்மா எல்லோரும் உட்காரும்வரை காத்திருந்தார்.

"சார், உங்க கார்க் கடிகாரம் சரியா ஓடுமா?"

"முப்பத்தஞ்சு வருஷம் ரயிலுக்குக் கொடி காட்டினவன்மா நான். ஞாயித்துக்கிழமைக்கு ஞாயித்துக்கிழமை சரி பண்றேன். அரை நிமிஷம் பிசகாது."

"அது பாட்டரியில ஓடுறது. வயரை உருவினா நின்னுடும். அடிபட்ட வண்டி உள்ள வந்ததும் அண்ணன் வயரை உருவிடுவார். நின்னது மூணு அம்பத்திரண்டுக்கு. அப்ப, மோதினது காலையில பத்தரைக்கு இல்ல. சாயங்காலம் மூணரையை ஒட்டி. ரெண்டாவது, பிரேக் நல்லாப் பிடிக்குது. மூணாவது, சீட்டு. அந்த சீட்ல அண்ணன் உக்காரணும்னா அவரை நாலா மடிக்கணும்."

"அப்ப ஓட்டினது யாரு?" ஸ்டேஷன் மாஸ்டர் எழுந்தே விட்டார்.

"உக்காருங்க சார். அண்ணன் வாழ்க்கையில முதல் தடவையாப் பொய் சொல்லியிருக்கார். பழக்கமில்லாத வேலை. நாக்கு சொல்லிடுச்சு, கை சொல்லல. வேற யாரா இருந்தாலும் சீட்டைப் பின்னால தள்ளி, கண்ணாடியைத் திருப்பி, கடிகார முள்ளை மாத்தியிருப்பாங்க. இவர் கை, சர்வேயர் வர்ற வரைக்கும் எதையும் தொடாத கை. அதனால ஓட்டினவங்க உயரம்கூட அப்படியே இருக்கு." அவர் குரல் தணிந்தது. "செவ்வாய்க்கிழமை சாயங்காலம் மூணு மணிக்கு நீங்க தூங்குவீங்களா சார்?"

"தினமும் தூங்குவேன். செவ்வாய் வியாழன் இவ பிரார்த்தனைக்குப் போயிடுவா..." அவர் பாதியில் நின்றார்.

மனைவி சேலைத் தலைப்பை முறுக்கிக்கொண்டிருந்தார். முறுக்கு தானாக அவிழ்ந்தது.

"நான்தாங்க" என்றார். "பிரார்த்தனைன்னு சொன்னது முழுப் பொய்யும் இல்ல. ஸ்டியரிங்கைப் பிடிச்சா பிரார்த்தனை தானா வந்துடுது. மத்த நாள் பட்டறை வண்டியில கத்துக்கிட்டேன், அன்னிக்குத்தான் நம்ம கார்ல; அண்ணன் பக்கத்துலதான் உக்காந்திருந்தார். தண்ணித் தொட்டி வளைவுல திருப்பத் தெரியாமத் திருப்பிட்டேன்."

போட்டோக்காரர் வாயைப் பிளந்தார். அவருடைய குள்ளன் சேலை கட்டியிருந்தார்.

"உனக்கு எதுக்கு இந்த வயசுல கார்?" ஸ்டேஷன் மாஸ்டரின் குரல் உடைந்தது. "நான் செத்தா போயிட்டேன்?"

சர்வேயர் அம்மா தன் நாற்காலியை அவருடைய வலப்பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"சார், உங்க கார்ல நாப்பது வருஷமா ஒரு கீறல் இல்லன்னீங்க. வலப்பக்கம் பெயிண்ட் ரெண்டு அடுக்கு. இடது மட்கார்டுல எட்டு. மரத்துல வளையம் எண்ணுற மாதிரி எண்ணிப் பாத்தேன். மேல உள்ள ஆறும் புதுசு. ஒவ்வொரு தடவையும் நீங்க இடதுபக்கம் எதையோ உரசியிருக்கீங்க, உங்களுக்குத் தெரியல. சர்வீசுக்கு வரும்போது அண்ணன் சத்தமில்லாம பட்டி வச்சு, தேய்ச்சு, அதே பச்சையைக் கலந்து அடிச்சு அனுப்பியிருக்கார்."

"காசுகூட வாங்கலம்மா" என்று அவசரமாகச் சொன்னார் மெக்கானிக், அதுதான் தன்மேல் உள்ள குற்றம் என்பதுபோல. "கேட்டா அவருக்குத் தெரிஞ்சுடுமே. முதல்ல தூண், அப்புறம் வாசல் கேட்டு. ஆறாவது தடவை மட்கார்டுல சைக்கிள் கைப்பிடி ரப்பர் ஒட்டியிருந்துச்சு. அன்னிக்குத்தான் பயந்துபோய் ஐயா வீட்டம்மாகிட்ட சொன்னேன்."

"டாக்டர்கிட்ட போங்கன்னா உங்களுக்குக் கோவம் வரும்" என்றார் மனைவி. "வண்டியை விட்டா நீங்க படுத்துடுவீங்க. அதான், நான் கத்துக்கிட்டு, ஆசையா இருக்கு ஓட்டுறேன்னு உங்ககிட்ட கெஞ்சலாம்னு..."

"பொய்! என் கண்ணுக்கு ஒண்ணும் இல்ல!" ஸ்டேஷன் மாஸ்டர் விருட்டென்று எழுந்து வாசலை நோக்கி நடந்தார். இடது தோள் கதவு நிலையில் மோதியது. டம்மென்று சத்தம் கேட்டது.

அவர் அங்கேயே நின்றார். கையை நீட்டி அந்த நிலையைத் தடவினார். பிறகு தலையை மெதுவாக இடப்பக்கம் திருப்பினார்; நிலை அப்போதுதான் அவர் கண்ணுக்கு வந்ததுபோலிருந்தது.

"காலைல உங்க ஆபீஸ்ல டீ..." என்றார் திரும்பாமலே.

"முதல்லயே வச்சாச்சு சார். இடதுபக்கம். இந்தத் தம்பி வாங்கிட்டு வந்தார்."

போட்டோக்காரர் காலையில் அந்த மனிதரைத் திட்டிய ஒவ்வொரு வார்த்தையும் இப்போது வரிசையாக வந்து நின்றது. "டீ சுமாராத்தான் இருக்கும் சார், நீங்க குடிக்காம விட்டதே நல்லது" என்று உளறினார். ஸ்டேஷன் மாஸ்டர் சிரித்தார். சிரிப்பு முடியும்போது கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"அம்மா, உங்ககிட்ட பழகுநர் லைசென்ஸ் இருக்கா?" என்று கேட்டார் சர்வேயர் அம்மா.

மனைவி சமையலறையில் டப்பாக்களுக்குப் பின்னாலிருந்து ஒரு அட்டையை எடுத்து வந்து நீட்டினார். தேதி சரியாக இருந்தது.

"சொந்தக்காரர் வீட்டு ஆளு, கையில லைசென்ஸ், பக்கத்துல லைசென்ஸ் உள்ளவர். உள்ளபடி எழுதினா பாலிசி செல்லும். கம்பெனிதான் சரி பண்ணிக் குடுக்கணும். ஏணியண்ணே, பட்டறையை வாங்க வர்றவரை வேற ஏணி பாக்கச் சொல்லுங்க." அவர் பேனாவை எடுத்தார். "நல்ல மனசோட மறைக்கிறது பாதிக் கருணைதான் அண்ணே. மீதிப் பாதி, சொல்றது. அதுதான் கொஞ்சம் வலிக்கும்."

மெக்கானிக் தலையைத் தாழ்த்தி நின்றார். ஸ்டேஷன் மாஸ்டர் அவர் அருகில் போனார். அடிக்கப் போகிறாரோ என்று போட்டோக்காரர் பதறி எழுந்தார்.

"ஆறு தடவையாடா?" என்றார் ஸ்டேஷன் மாஸ்டர்.

"ஆமாய்யா."

"ஒரு தடவைகூட நிறம் மாறலையேடா" என்று மெக்கானிக்கின் முழங்கையைப் பிடித்துக்கொண்டார். தோள் எட்டவில்லை.

அறிக்கை ஐந்துக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது மேனேஜர் மேசைக்குப் போய்ச் சேர்ந்தது.

பச்சைக் கார் தயாராக ஆறு வாரம் ஆனது. விளக்கு வளையம் கிடைக்கத்தான் தாமதம். சரிசெய்த வேலையைப் படமெடுக்கப் போட்டோக்காரர் போயிருந்தார். அதற்குள் கண் டாக்டர் பார்த்துவிட்டார்: போன பார்வை வராது, இருப்பதைச் சொட்டு மருந்தால் காப்பாற்றலாம். மனைவிக்கு முழு லைசென்சும் வந்திருந்தது.

சாவியை வாங்கிய ஸ்டேஷன் மாஸ்டர் பழக்கத்தில் வலப்பக்கக் கதவுக்குப் போனார். கைப்பிடியைத் தொட்டார். அவர் கதவைத் திறந்து, சீட்டைக் கடைசிப் பல்வரை முன்னால் தள்ளிவிட்டு, சாவியை மனைவியிடம் கொடுத்தார். வண்டியை ஒரு கையால் தடவிக்கொண்டே சுற்றி வந்து இடப்பக்கம் ஏறினார்.

"திட்டாம வருவீங்களா?" என்று கேட்டார் மனைவி.

ஸ்டேஷன் மாஸ்டர் அவரையே பார்த்தார். ஒரு வருஷமாக இடப்பக்கத்திலேயே நடந்து வந்த மனைவி இப்போது வலப்பக்கத்தில், ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, உதடு அசைய எதையோ வேண்டிக்கொண்டிருந்தார்.

"நீ இந்தப் பக்கம் இருந்தா நல்லாத் தெரியுற" என்றார். "கிளப்பு."